கடைசி இரண்டு தவணை

2024 பெப்ரவரியில் ஹட்டனிலுள்ள ஒரு வங்கியில் ஐந்து இலட்சம் ரூபாய் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச்சஸ் காணியில் சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் பாக்கி. அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை, சம்பளம் விழுவது அதே வங்கியில், பிணைக்கு இரண்டு ஆசிரியர்கள் கையெழுத்துப் போடத் தயார். மே மாதத்து மழைக்கு முன் தகடு ஏற்றிவிடலாம் என்று மேசன் பாஸிடம் சொல்லியும் வைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் கடன் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. உத்தியோகத்தர் இளைஞர், கம்பளைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார். திரையைப் பார்த்தபடியே கேட்டார்: “டீச்சர், போன் ஏதாவது தவணைக்கு எடுத்தீர்களா?”

எடுத்தேன், கட்டியும் முடித்துவிட்டேன் என்றேன்.

“கிரிப்பில் நிலுவை நிற்கிறதே. 2022 ஜூனிலிருந்து.”

கிரிப் (CRIB) என்று எல்லோரும் சொல்வது கடன் தகவல் பணியகத்தை, யார் என்ன கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்ற பதிவு அங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என் மாணவி ஒருத்தியின் தகப்பன். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன், கடனை அல்ல.

மலையகத்தில் ஒருவரைப் பற்றி ‘கிரிப்பில் விழுந்துவிட்டார்’ என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வட்டிக்காரன் வாசலுக்கு வந்து கத்துவதைவிட அது பெரிய அவமானம். மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் எனக்கு மூன்று யோசனைகள் கிடைத்தன. ஐந்து வருடத்துக்கு எந்த வங்கியும் உன்னைத் திரும்பிப் பார்க்காது, பேசாமல் இரு என்றார் ஒருவர். வேறு வங்கிக்குப் போ, அங்கே தெரியாது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, ஹட்டனில் ஒரு ஆள் இருக்கிறார், பதினையாயிரம் கொடுத்தால் கிரிப்பைச் சுத்தம் செய்து தருவார் என்றார். மூன்றுமே தவறு. கடைசி யோசனை தவறு மட்டுமல்ல, அந்தப் பதினையாயிரமும் போயிருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். இலங்கை கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தங்களிடம் கடன் வாங்கியவர்களின் விவரங்களை அங்கே அனுப்புகின்றன. புதிதாக ஒருவர் கடன் கேட்டு வந்தால் அங்கிருந்து எடுத்துப் பார்க்கின்றன. எல்லோரும் பார்க்கும் ஏடு ஒன்றுதான், ஆகவே வங்கியை மாற்றிப் பயனில்லை. நன்றாகக் கட்டிய கடனும் அதில் இருக்கும், கட்டாததும் இருக்கும். கறுப்புப் பட்டியல் என்று அங்கே ஒன்றும் கிடையாது. இவருக்குக் கடன் கொடு, இவருக்குக் கொடுக்காதே என்று பணியகம் சொல்வதும் கிடையாது. அதைத் தீர்மானிப்பது வங்கி. இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று என் மனதில் இருந்தது கறுப்புப் பட்டியல்தான்.

போன் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. தம்பி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். பாடமெல்லாம் போனில் வரும் என்றார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் கிடையாது. தேயிலை மலைக்கு மேலே ஒரு பாறை உண்டு, அங்கே ஏறினால் இரண்டு கோடு காட்டும். பிள்ளைகள் குடையும் கொப்பியுமாக அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. 42,000 ரூபாய்ப் போனை ஒரேயடியாக வாங்க வழியில்லை. கடையில் 12,000 கட்டினோம். மீதி 30,000க்கு ஒரு நிதிக் கம்பனி கடன் கொடுத்தது. மாதம் 3,050 ரூபாய், பன்னிரண்டு மாதம். ஒப்பந்தம் என் பெயரில். கையெழுத்துப் போட்ட ஏழு தாளில் ஒன்றையும் நான் வாசிக்கவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒழுங்காகத்தான் கட்டினேன், 2022 ஏப்ரல் வரை. அந்த ஏப்ரலில் கட்டவில்லை. கையில் இருந்ததெல்லாம் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய்விட்டது. மே மாதக் கடைசியில் இரண்டு தவணையையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினேன். பிறகு ஜூன், ஜூலை. பெட்ரோல் இல்லை, பஸ் இல்லை, பாடசாலைகளையும் மூடிவிட்டார்கள். கம்பனியின் ஹட்டன் கிளை எந்த நாள் திறக்கும் என்றே தெரியவில்லை. போன் வாங்கிய கடைக்காரர், “இங்கேயே கட்டுங்கள் டீச்சர், நான் அனுப்பிவிடுகிறேன்” என்றார். இரண்டு மாதமும் அவரிடம் கட்டினேன். கடை முத்திரை போட்டுப் பற்றுச்சீட்டும் தந்தார். அதோடு கடன் முடிந்தது என்று நினைத்தேன். அந்த வருடக் கடைசியில் கடை மூடியது.

இரண்டு வருடமாக ஒரு கடிதமும் வரவில்லையா என்று வங்கியில் கேட்டார்கள். எங்கள் முகவரி எப்படிப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், டிக்கோயா, அவ்வளவுதான். லயத்து அறைக்கு இலக்கம் போட்டு யாரும் கடிதம் எழுதுவதில்லை. வருவதெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே ஒரு மரப் பெட்டியில் கிடந்து, யாராவது பார்த்துச் சொன்னால்தான் கைக்கு வரும். கம்பனியிடம் நான் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கமோ தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போனபோது அவனோடு போய்விட்டது. இப்போதெல்லாம் எந்தப் படிவத்திலும் பாடசாலை முகவரியைத்தான் கொடுக்கிறேன். அங்கே தபால்காரர் அதிபரின் மேசைவரை வருகிறார்.

வங்கி எடுத்துப் பார்த்த அறிக்கையின் பிரதியை எனக்குத் தரவில்லை. அதைத் தர வங்கிக்கு அனுமதி இல்லையாம். ஆனால் என் சொந்த அறிக்கையை நானே கேட்டு வாங்கலாம். அடையாள அட்டைப் பிரதி, விண்ணப்பம், சிறு கட்டணம், இவ்வளவுதான். முதலில் செய்ய வேண்டியது இது. ‘போன்’, ‘2022’ என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கம்பனியுடன் சண்டைக்குப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

விண்ணப்பிக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. நம்மில் பலருக்கு இரண்டு அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் கொண்ட பழையது. மற்றது, 2016க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்கம். பழையதன் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19ஐப் போட்டு, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் புதியது வந்துவிடும். பெண்களுக்கு அந்த நாள் இலக்கத்தில் 500 கூட்டியிருப்பார்கள். ஒரு கடனைப் பழைய இலக்கத்திலும் இன்னொன்றைப் புதியதிலும் எடுத்திருந்தால் இரண்டையும் சொல்லியே கேளுங்கள். வந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியதும் இலக்கத்தையும் பெயரையும்தான். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று வாழ்கிற மக்கள் நாம். வேறொருவரின் கடன் நம் தலையில் ஏறியிருந்தால் அது வேறு வகைத் தகராறு, அதற்குப் பற்றுச்சீட்டெல்லாம் தேவைப்படாது.

அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. என் சம்பளக் கடன் ஒன்று சுத்தமாக நின்றது. அடுத்ததாக நான் கேள்விப்பட்டேயிராத ஒரு கம்பனியின் பெயர். நெஞ்சு திக்கென்றது. இன்னும் யாராவது என் பெயரில் எடுத்துவிட்டார்களோ? தொகையையும் தேதியையும் பார்த்த பிறகுதான் விளங்கியது, எனக்குக் கடன் தந்த கம்பனி இடையில் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. அந்த வருடங்களில் பல நிதிக் கம்பனிகள் அப்படி இணைந்தன. தெரியாத பெயரைக் கண்டதும் மோசடி என்று முடிவெடுக்காமல், கடன் எடுத்த தேதியையும் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதன் கீழே மாதவாரியாகக் கட்டங்கள். 2022 ஏப்ரலில் ஒரு தாமதம். ஜூனிலிருந்து நாட்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன, முப்பது, அறுபது, தொண்ணூறு, அதற்குமேல். 6,100 ரூபாய் நிலுவை, தாமதக் கட்டணமெல்லாம் சேர்ந்து 11,340 ஆகியிருந்தது.

அதே அறிக்கையில் பிணை நின்ற கடன்களும் வரும். எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. என் பேச்சைக் கேட்டுத் தன் அறிக்கையை எடுத்துப் பார்த்த சக ஆசிரியைக்கு, ஒன்றுவிட்ட அண்ணனின் முச்சக்கர வண்டி லீசிங் தன் பெயரோடு தொங்குவது அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் குடும்பத்தில் அது இன்னும் ஓயவில்லை.

அன்றிரவு அறிக்கையை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கொழும்புக்குப் போய்ப் பணியகத்திலேயே நேரில் கேட்டு அழித்துவிட்டு வரலாமா என்பதுதான் என் யோசனை. அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். நிறுவையில் இரண்டு கிலோ குறைத்து எழுதியதால் முழுப் பேர் அரைப்பேராகிப் பாதிச் சம்பளம் போன நாட்கள் அவருக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கின்றன. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“எழுதினது யார், கொழும்பா கம்பனியா?”

கம்பனிதான் என்றேன்.

“அப்படியென்றால் கம்பனியிடம் போ. செக்ரோலில் பேரைக் குறைத்தது கணக்கப்பிள்ளை என்றால் திருத்துவதும் அவன்தான். துரையிடம் போனாலும் துரை அவனைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.”

செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலை நாளைப் பதியும் ஏடு, துரை என்பவர் தோட்ட முகாமையாளர்.

பணியகத்தின் விதியும் அதேதான் என்று பிறகு தெரிந்தது. அறிக்கையில் பிழை என்று பணியகத்துக்கு எழுதினால், அது அந்தத் தகவலைக் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பி விசாரிக்கும். பணியகம் தானாக எதையும் மாற்றாது. கொடுத்தவர் திருத்திக் கொடுத்தால்தான் மாறும். நான் இரண்டையும் செய்தேன், கம்பனிக்கும் எழுதினேன், பணியகத்தின் முறைப்பாட்டுப் படிவத்தையும் நிரப்பி அனுப்பினேன். ஆனால் உழைப்பெல்லாம் கம்பனியிடம்தான்.

அம்மா பிறகு அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். எங்கள் வீட்டின் ஆவணக் காப்பகம் அதுதான். சேமலாப நிதித் தாள்கள், கிளினிக் அட்டை, அப்பாவின் மரணச் சான்றிதழ், 1998ஆம் வருடத்து நிறுவைத் துண்டுகள் கூட. போன் பற்றுச்சீட்டுகளை இறப்பர் பட்டி போட்டுத் தனிக் கட்டாக வைத்திருந்தார். அவிழ்த்துப் பார்த்தேன். பன்னிரண்டு தவணைக்குப் பதினொரு தாள், ஏப்ரலையும் மே மாதத்தையும் ஒன்றாகக் கட்டியதால். அதில் எட்டு, கம்பனிக் கிளையின் இயந்திரத்தில் அச்சடித்த வழவழப்பான தாள். எட்டும் வெள்ளை. எழுத்து ஒன்றுகூட இல்லை. விளக்குக்கு முன் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் ‘0’ மாதிரி ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் இரண்டு வருடத்தில் மங்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் அப்படி ஏதாவது வைத்திருந்தால் இன்றைக்கே பிரதி எடுத்துவிடுங்கள், குறைந்தது போனில் ஒரு படமாவது.

மீதி மூன்றும் கடைக்காரர் பேனாவால் எழுதிக் கொடுத்தவை. ஜூன், ஜூலை, இன்னொன்று ஜனவரி. நீல மை, கடை முத்திரை, கோணல் கையெழுத்து. நேற்று எழுதியது போல் இருந்தன. ஜனவரியில் ஏன் கடையில் கட்டினேன் என்பதே மறந்துபோயிருந்தது. தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போனபோது கட்டியிருக்க வேண்டும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஜூன், ஜூலைத் தாள்களை மட்டும் கைப்பைக்குள் போடப் போனேன். “மூன்றையும் கொண்டு போ” என்றார் அம்மா. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. தாள் என்று இருந்தால் கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

கம்பனியின் ஹட்டன் கிளை மூடப்பட்டு, கணக்குகள் கண்டிக்குப் போயிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மூன்று மணி நேர பஸ். அறவீட்டுப் பிரிவில் இருந்தவர் மரியாதையானவர்தான். கணினியைப் பார்த்தார், 11,340 என்றார். பற்றுச்சீட்டைக் காட்டினேன். சிரித்தார். “இது கடைக்காரரின் பற்றுச்சீட்டு மிஸ். எங்களுடையது இல்லை. அவர் எங்களுக்குக் கட்டவில்லை. நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும்.” கடைக்காரர் கத்தாருக்குப் போய்விட்டார் என்று பக்கத்துத் தையற்கடையில் சொல்லியிருந்தார்கள்.

பிறகு அவர் ஒரு சலுகை சொன்னார். தாமதக் கட்டணத்தை விட்டுவிடுகிறோம், 6,100ஐ மட்டும் இன்றைக்கே கட்டுங்கள், நிலுவை இல்லை என்று கடிதம் தருகிறோம். வங்கியில் கொடுங்கள், கடன் கிடைத்துவிடும்.

என் கைப்பையில் ஏழாயிரம் இருந்தது. உண்மையைச் சொன்னால், கை அதைத் தொட்டுவிட்டது. திங்கட்கிழமை வங்கிக்குப் போகலாம், மே மாதத்துக்குள் கூரை. கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இப்போது தெரிந்தே சொல்கிறேன். கடன் முடிந்தது என்று பதிவாகியிருக்கும். ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடம் கட்டாமல் இருந்து பிறகு முடித்தார் என்றுதான் பதிவாகியிருக்கும். நிலுவை இல்லை என்ற கடிதம் இன்றைய நிலையைச் சொல்லும், நேற்றைய கட்டங்களைத் திருத்தாது. கட்டாத காசாக இருந்தால் அந்தச் சலுகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் புத்தி. கட்டிய காசை இரண்டாம் தரம் கட்டினால், முதல் தரம் கட்டவில்லை என்று நாமே கையெழுத்திட்டுக் கொடுத்த மாதிரி.

அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: கடன் தொடங்கிய நாளிலிருந்து முழுக் கணக்கு அறிக்கை. தயங்கினார், பிறகு அச்சடித்துக் கொடுத்தார், முத்திரையும் போட்டார். எட்டு வெள்ளைத் தாள்களைப் பற்றிய கவலை அந்த இடத்திலேயே தீர்ந்தது. அந்தத் தவணைகளெல்லாம் அவர்களுடைய கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் நிரூபிக்கத் தேவையில்லை, ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் அடைத்தால் போதும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. விடைத்தாள் திருத்துவது போல் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். நாவலப்பிட்டி தாண்டி வளைவுகளில் ஏறும்போது கண்ணில் பட்டது. 2022 ஜனவரி: 3,050 ரூபாய் வரவு, ஏழு நாள் பிந்தி, பக்கத்தில் ஏதோ ஒரு குறியீடு. மற்ற எந்த வரவுக்கும் அந்தக் குறியீடு இல்லை. கைப்பையிலிருந்து ஜனவரிப் பற்றுச்சீட்டை எடுத்தேன். இலக்கம் 417. ஜூன் 481, ஜூலை 496. நூறு தாள் கொண்ட ஒரே புத்தகம், ஒரே முத்திரை. கடைக்காரரிடம் கட்டியது எங்களுக்குக் கட்டியதாகாது என்கிற கம்பனி, அதே கடைக்காரர் அதே புத்தகத்தில் வாங்கிய ஜனவரிக் காசைச் சத்தமில்லாமல் வரவு வைத்திருக்கிறது. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கடிதம் எழுத உட்கார்ந்தால் ஆசிரியப் புத்தி விடவில்லை. முதல் வரைவு நான்கு பக்கம். பொருளாதார நெருக்கடி, பெட்ரோல் வரிசை, அப்பா இல்லாத குடும்பம், ‘அனுதாபத்துடன் பரிசீலிக்குமாறு’ எல்லாம் இருந்தன. மறுநாள் வாசித்துப் பார்த்தேன், கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்டது போல் இருந்தது. நான் கேட்பது தள்ளுபடி அல்லவே. கிழித்துவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினேன். முக்கிய பந்தி இது:

“மேற்படி கடனின் 11ஆம், 12ஆம் தவணைகளை 2022 ஜூன், ஜூலை மாதங்களில் தங்கள் சார்பில் பணம் பெற்ற விற்பனை நிலையத்தில் செலுத்தினேன் (பற்றுச்சீட்டு 481, 496). அதே நிலையத்தில் அதே பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் செலுத்திய 2022 ஜனவரித் தவணை (417) தங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது. ஆகவே இவ்விரு தவணைகளையும் செலுத்திய திகதிகளில் வரவு வைக்குமாறும், அதன்பின் ஏற்றிய கட்டணங்களை நீக்குமாறும், கடன் தகவல் பணியகத்துக்குத் திருத்திய விவரத்தை அனுப்புமாறும், செய்ததை எழுத்தில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

ஏப்ரல் தாமதத்தையும் ஒரு வரியில் ஒத்துக்கொண்டேன். அது உண்மை, மறைத்தால் மற்றதன் மதிப்பும் குறையும். தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூலப் பற்றுச்சீட்டுகளை அனுப்பவில்லை, பிரதிகள் மட்டும். மூலத்தைக் கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று எழுதினேன். தபாலகத்தில் தந்த பதிவுத் துண்டு பிஸ்கட் டின்னுக்குள் போனது.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’. நினைவூட்டல் கடிதம் ஒன்று, அதுவும் பதிவுத் தபாலில். சித்திரைப் புத்தாண்டும் வந்து போனது. இதற்கிடையில் ஊரில் ஆளுக்கொரு கதவைக் காட்டினார்கள். பொருளோ கடையோ மோசம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி இலக்கம் 1977. தொலைபேசி இணைப்பு, மாதாந்த பில் பற்றிய தகராறு என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. என்னுடையது போன் சம்பந்தப்பட்டதாக இருந்தாலும் போன் தகராறு அல்ல, கடன் தகராறு. நிதிக் கம்பனிகளுக்கு உரிமம் கொடுப்பது மத்திய வங்கி. அங்கே 2020இல் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள், இலக்கம் 1935. நிதி ஒம்புட்ஸ்மன் என்று முறைப்பாடு கேட்கும் இன்னொரு வாசலும் உண்டு. நான் 1935ஐ அழைத்தேன்.

பேசியவர் தமிழிலேயே பேசினார். முதல் கேள்வி, கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா? இரண்டாவது, பதில் என்ன? முதலில் நிறுவனத்திடம் கேட்காமல் நேரே அங்கே போனால் நம்மைத் திருப்பி நிறுவனத்திடம்தான் அனுப்புவார்கள். என்னிடம் இரண்டு கடிதமும் இரண்டு தபால் துண்டும் இருந்தன. எல்லாவற்றின் பிரதியையும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அம்மாவின் கணக்குப்படி துரையிடம் போயாயிற்று. துரை கணக்கப்பிள்ளையைத்தான் கூப்பிட்டார், ஆனால் துரை கூப்பிட்டால் கணக்கப்பிள்ளை சீக்கிரம் வருவார்.

மே கடைசியில், கொட்டுகிற மழையில், பாடசாலை முகவரிக்குக் கம்பனியின் கடிதம் வந்தது. மன்னிப்பெல்லாம் இல்லை. ‘உள்ளகப் பரிசீலனையின்போது கண்டறியப்பட்டவாறு’ இரண்டு தவணைகளும் வரவு வைக்கப்பட்டு, கட்டணங்கள் நீக்கப்பட்டு, கணக்கு மூடப்பட்டதாக மூன்று வரி. கண்டறிந்தவர் நாவலப்பிட்டி பஸ்ஸில் இருந்தவர் என்பதை அவர்கள் எழுதவில்லை. இருக்கட்டும்.

கடிதம் வந்த மறுநாளே வங்கிக்கு ஓடாதீர்கள். கம்பனி திருத்திய தரவை அனுப்பி, அது பணியகத்தில் ஏறச் சில வாரம் ஆகும். ஜூலையில் இன்னொரு தரம் காசு கட்டி அறிக்கை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடன் முடிந்ததாக இருந்தது, நிலுவை பூச்சியம், 2022 ஜூனிலிருந்து வந்த கட்டங்கள் சுத்தம். 2022 ஏப்ரல் மட்டும் அப்படியே நின்றது. அதையும் எடுத்துவிடக் கேட்கலாமே என்றாள் ஒரு தோழி. என்ன சொல்லிக் கேட்பது? கட்டவில்லைதானே.

ஓகஸ்ட்டில் அதே உத்தியோகத்தரின் முன் உட்கார்ந்தேன். புதிய அறிக்கையை எடுத்தார், கீழே இறக்கிக்கொண்டே வந்தவர் ஏப்ரலில் நின்றார்.

“இது உண்மையா டீச்சர்?”

“உண்மைதான். அந்த மாதம் கட்டவில்லை.”

அவர் நாட்காட்டியைப் பார்ப்பது போல் ஒரு கணம் மேலே பார்த்தார். 2022 ஏப்ரல் 12ஆம் திகதிதான் இலங்கை அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது.

“நாடே கட்டாத மாதம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கேட்டது ஐந்து இலட்சம், கிடைத்தது நான்கு. பெப்ரவரியில் சொன்ன விலைக்கு மேசன் பாஸ் இப்போது வரவில்லை. முன்பக்கத்துக்குத் தகடு ஏறிவிட்டது, குசினிக்கு மேலே இன்னும் தார்ப்பாய்தான். போன வாரம் தம்பி கொழும்பிலிருந்து அழைத்தான், புதுப் போன் ஒன்று தவணைக்கு எடுக்கப் போகிறானாம். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, என்ன போன் என்றோ என்ன விலை என்றோ கேட்கவில்லை. பற்றுச்சீட்டைப் பேனாவால் எழுதித் தருவார்களா, இல்லை அந்த வழவழப்பான தாளா என்று கேட்டார்.